பாதி நாள் வீடு, பாதி நாள் ஆபீஸ்: புதியவர்கள் தொழிலை எங்கே கற்றுக்கொள்வார்கள்?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கம்பெனி ஒன்றின் பாளையங்கோட்டைக் கிளையில், அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் பணம் கேட்டு வாங்கும் மெடிக்கல் பில்லிங் வேலை. நான்கு மாதமாக டீம் லீடர். உங்களுக்குக் கீழே 14 பேர். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீடு. வீடு என்றால் சேர்மாதேவி, கல்லிடை, அம்பை, பாவூர்சத்திரம் என்று செங்கோட்டை ரயில் பாதை நெடுகச் சிதறிக் கிடக்கிறார்கள். தலைமை அலுவலகம் அனுப்பும் வீடியோ பாடங்களை எல்லோரும் 100 சதவீதம் முடித்துவிடுகிறார்கள்; ஆடிட்டில் விழும் பிழை மட்டும் குறையவில்லை. சேர்ந்து எட்டு மாதமானவர்கள்கூட எதற்கெடுத்தாலும் உங்களைத்தான் கேட்கிறார்கள். இதற்கிடையில் மேனேஜர், "உனக்கு அடுத்து யாரைத் தயார் பண்ணுகிறாய்?" என்று கேட்டுவிட்டார். 40,000 ரூபாய்க்கு ஒரு லீடர்ஷிப் கோர்ஸ் இருக்கிறது, சேரலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

நானும் ஏஆர் காலராக, அதாவது வராத பணத்தைக் கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடுகிறவனாக, உள்ளே வந்தவன்தான். பிறகு பயிற்சிப் பிரிவுக்குப் போனேன். 2020-க்குப் பிறகு அந்த வேலையைப் பாளையில் இருந்தபடியே செய்கிறேன். அதனால் நம் தொழிலை வைத்தே பேசுகிறேன். வேறு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

வீடியோ பாடத்தின்மேல் பழி போடாதீர்கள். அதால் முடிந்ததை அது செய்துவிட்டது. பணம் தர மறுக்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி போடும் குறியீடுகளில், சிஓ-16 என்றால் கிளெய்மில் (பணம் கேட்டு நாம் அனுப்பிய மனுவில்) ஏதோ தகவல் குறைகிறது, சிஓ-29 என்றால் காலக்கெடு முடிந்துவிட்டது, சிஓ-97 என்றால் இந்தச் சேவைக்கான பணம் வேறொரு சேவையின் பணத்திலேயே அடக்கம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டது. குறியீடு தெரிந்தபிறகு என்ன செய்வது என்பதுதான் தொழில். அதை எந்தக் காலத்திலும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுக்கிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு இருந்திருக்காது. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார், நம் காதில் விழுந்தது.

என் கதையையே சொல்கிறேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ரெப் (போனில் பேசும் பிரதிநிதி), "டைம்லி ஃபைலிங், டினைட்", அதாவது கெடு தாண்டியதால் மறுப்பு என்று சொன்னால் நான் "சிஓ-29, ரைட்-ஆஃப்" (இனி வராது என்று கைவிட்ட பணம்) என்று நோட்ஸ் போட்டுவிட்டு அடுத்த கிளெய்முக்குப் போய்விடுவேன். எண்ணிக்கையும் நன்றாக வந்தது. எனக்கு வலப்பக்கம் ஓர் அக்கா. ஒருநாள் இரவு அவருக்கும் அதே பதில் வந்தது. அவர் போனை வைக்கவில்லை. "சரி, இந்த கிளெய்ம் உங்கள் கைக்கு முதன்முதலில் வந்த தேதி எது?" என்று கேட்டார். ரெப் ஒரு தேதி சொன்னார். "அது திருத்தி அனுப்பியது வந்த தேதி. அதற்கு முன்னால் ஒன்று வந்திருக்கிறதா, பாருங்கள்" என்றார் அக்கா. அந்தப் பக்கம் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு, வந்திருக்கிறது, கெடுவுக்குள்ளேயே வந்திருக்கிறது என்று பதில் வந்தது. அக்கா, கிளெய்ம்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடத்திவிடும் கிளியரிங் ஹவுஸில் இருந்து, முதல் கிளெய்ம் ஏற்கப்பட்டதற்குச் சாட்சியான அக்செப்டன்ஸ் ரிப்போர்ட்டை எடுத்து அப்பீலுக்கு வைத்துவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். நான் என் ஷீட்டைத் திறந்து, இரண்டு மாதமாக எத்தனை கிளெய்முக்குக் கதவைச் சாத்தியிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிக்கவில்லை, பயமாக இருந்தது.

அந்த ஒரு நிமிடம் உங்கள் ஆட்களுக்குக் கிடைப்பதில்லை. கல்லிடையில் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, அம்பையில் இருக்கும் சீனியர் ரெப்பிடம் என்ன கேட்டார் என்று எப்படித் தெரியும்? ஆடிட்டர் மறுநாள் "இன்கரெக்ட் ஆக்‌ஷன்" என்று மார்க் போடுவார். எது தவறு என்பது தெரிந்துவிடும். சரியானது எப்படிக் காதில் ஒலிக்கும் என்பது தெரியாது.

பக்கத்தில் இருப்பதற்கு இவ்வளவு மதிப்பா என்று தோன்றலாம். அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த தாமஸ் ஆலன், எஞ்சினியர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1977-ல் எழுதினார். மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது. சுமார் 50 மீட்டர் தாண்டினால் ஏறக்குறைய நின்றே போகிறது. அண்மையில் நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பல்லாய்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் சாஃப்ட்வேர் ஆட்களை வைத்து இதையே பார்த்தார்கள். டீமோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, அதிலும் இளையவர்களுக்கு, அவர்கள் எழுதிய புரோகிராம் கோடின்மேல் கூடுதலாகக் கருத்துகள் கிடைத்தன. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்த மூத்தவர்களின் சொந்த வேலை அளவு குறைந்தது.

இந்த இரண்டாவது விஷயத்தை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் விழுவது இந்த இடத்தில்தான். சீனியரிடம் "புதுப் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்போம். அவருடைய டார்கெட்டில் ஒரு கிளெய்மும் குறைக்கமாட்டோம். அவர் முதல் வாரம் முகத்துக்காகச் செய்வார். இரண்டாம் வாரம் "இன்னைக்கு லோடு ஜாஸ்தி அண்ணாச்சி, நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்பார். அவர்மேல் குற்றமே இல்லை. ஆகவே முதல் வேலை இது: சொல்லிக் கொடுக்கும் நாளில் சீனியரின் டார்கெட்டைக் குறைத்து, ஷீட்டிலேயே எழுதி, மேனேஜரிடம் ஒப்புதல் வாங்குங்கள். மேனேஜர் முதலில் முகம் சுளிப்பார். ரைட்-ஆஃப் போட்டு மூடிய கிளெய்ம்களில் பத்தை எடுத்து, எவ்வளவு டாலர் கைவிட்டுப் போனது என்று காட்டுங்கள். பேச்சு சுலபமாகிவிடும்.

சேர்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் காருகுறிச்சி. நாதஸ்வர மேதை அருணாசலம் பிறந்த ஊர். அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். அந்த உலகத்தில் பாதிப் படிப்பு வகுப்பில் கிடையாது. குருவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் நாயனம் வாசிப்பார்கள். கச்சேரி நிஜம், கூட்டம் நிஜம். பொறுப்பு மட்டும் முழுசாகத் தோளில் ஏறியிருக்காது. குரு ஓர் இடத்தில் மூச்சு வாங்கினால் அந்த இடத்தைச் சீடர் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் டீமில் இரண்டாம் நாயனத்துக்கு இடம் போட வேண்டும். அவ்வளவுதான் நான் இங்கே சொல்லப்போவது.

எப்படி? ஷிப்ட் தொடங்கி முதல் அரைமணி நேரத்தில் வேண்டாம். அந்த நேரத்தில் எல்லோரும் ஹோல்டில் கிடப்பார்கள். நடு ஷிப்டில், உணவு இடைவேளைக்குப் பிறகு 45 நிமிடம் எடுங்கள். ஒரு சீனியர், இரண்டு புதியவர்கள், அதற்கு மேல் வேண்டாம். கம்பெனியின் சொந்த மீட்டிங் செயலியில், அனுமதி உள்ள திரைப்பகிர்வில், சீனியர் தன் நிஜ வேலையைச் செய்வார். ஒரே நிபந்தனை: நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இந்த ப்ரொவைடர் பெயரைப் பார்த்ததும் பழைய நோட்ஸைத் திறக்கிறேன், ஏன்னா போன தடவை முகவரி மாத்தியிருக்காங்க." "ரெப் ஒருமாதிரி இழுக்கிறார், சிஸ்டத்தில் ரெண்டு கிளெய்ம் தெரியுதுபோல. அதைக் கேட்டுப் பார்க்கிறேன்." இப்படி. தேர்ந்த ஆட்களுக்கு இது கஷ்டம். வேலை கையில் ஊறிப்போனதால் தாங்கள் யோசிப்பதே அவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு முறை நீங்கள் கூடவே இருந்து, "ஏன் அங்கே போனீங்க?" "இப்போ எதைப் பார்த்தீங்க?" என்று கேட்டுக் கேட்டு வாயைத் திறக்க வைக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் இடத்தை மாற்றுங்கள். புதியவர் போன் கால் போடட்டும், சீனியர் வாயைக் கட்டிக்கொண்டு கேட்கட்டும். குறுக்கே புகுந்து பிடுங்கக் கூடாது, சாட்டில் ஒரே ஒரு வரி அனுப்பலாம், அதுவும் கேள்வியாக: "முதல் ரிசீவ்டு டேட் கேட்டாச்சா?" கால் முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசுங்கள். புதியவர் முதலில் பேச வேண்டும், எங்கே தடுமாறினேன் என்று. சீனியர் பிறகு பேசலாம்.

ஓர் எச்சரிக்கை. நம் தொழிலில் நோயாளியின் விவரம் நம் சொத்து இல்லை; நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. சிலர் ஆர்வத்தில் திரையைப் போனில் படம் பிடித்து "இதைப் பாருங்க, நல்ல கேஸ்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள். வேலையே போய்விடும். நல்ல கேஸ்களைச் சேர்க்கத்தான் வேண்டும், ஆனால் எழுதிச் சேருங்கள்: பெயர், பிறந்த தேதி, ஐடி எண், கிளெய்ம் எண் எதுவும் இல்லாமல், "காலக்கெடு காரணம் சொன்னார்கள், இதைக் கேட்டோம், இது கிடைத்தது" என்று அரைப் பக்கம். கம்பெனி கொடுத்த இடத்திலேயே வையுங்கள். அதை எழுதும் வேலையைப் புதியவரிடம் கொடுங்கள். அதில் ஓர் உள்நோக்கம் உண்டு: புரியாததை அவரால் எழுத முடியாது, எந்த இடத்தில் புரியவில்லை என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது ஆபீஸ் நாட்கள். 14 பேரும் அவரவர் வசதிக்கு ஏதோ இரண்டு நாள் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி என்றால் பாதி வீடு, பாதி ஆபீஸ் என்ற ஹைப்ரிட் முறையின் இரண்டு பக்க நஷ்டமும் உங்களுக்கே. ஒருவர் பயண அலுப்போடு பாளைக்கு வந்து, காலியான வரிசையில் உட்கார்ந்து, அம்பையில் இருப்பவரோடு ஹெட்செட்டில் பேசிவிட்டுத் திரும்புகிறார். எல்லோருக்கும் ஒரே நாட்களாக ஆக்குங்கள். செவ்வாயும் வியாழனும் என் கட்சி. திங்கள் வேலை குவிந்து கிடக்கும், வெள்ளி மனசு ஊருக்குப் போய்விடும். அந்த இரண்டு நாளில் தனியாகச் செய்யக்கூடிய வேலையைக் குறைத்து வையுங்கள். ஜோடியாக உட்கார வையுங்கள், சிக்கலான கேஸ்களை அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். மாதத்துக்கு ஒருமுறை உட்காரும் இடத்தை மாற்றுங்கள். பாவூர்சத்திரத்துக்காரர்கள் பாவூர்சத்திரத்துக்காரர்களோடேயே உட்கார்ந்துகொள்வார்கள், ஒரே கேபில் வருகிறவர்கள் இல்லையா.

முழுக்க ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்று உங்கள் மேனேஜர் கேட்பார். அவருக்குச் சொல்ல ஒரு தகவல். ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, மறு பாதிக்கு முழுக்க ஆபீஸ். 2024-ல் முடிவு வெளியானது: வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், இரண்டு ஆண்டு மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. நம்மைப்போல் நெல்லையில் ஆள் எடுக்கும் கிளைக்கு, ஆள் நிற்பது சின்ன விஷயமா? ஆறு மாதம் தேற்றிய ஆள் போய்விட்டால் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் உள்ள எத்தனை பெண்கள், இரவு ஷிப்டில் மூன்று நாள் வீடு என்பதால்தான் இந்த வேலையில் நீடிக்கிறார்கள் என்று உங்கள் டீமிலேயே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அதே நிறுவனத்தில் அதற்கு முன் நடந்த இன்னொரு சோதனையையும் மறைக்கக் கூடாது. அது கால் சென்டர் ஆட்களை வைத்து நடந்தது, 2015-ல் வெளியானது. வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. இருந்தும், அதே அளவு வேலை செய்த ஆபீஸ் ஆட்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. "சென்னையில் உட்கார்ந்தவனுக்குத்தான் ப்ரமோஷன்" என்று நீங்கள் எழுதிய புலம்பல் வெறும் புலம்பல் இல்லை. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மறதி பற்றிச் சுருக்கமாக. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார்: படித்தது முதல் சில நாளிலேயே பெரும்பகுதி கழன்றுபோகும், இடைவெளி விட்டுத் திரும்பத் தொட்டால் நிற்கும். ஆகவே ஷிப்ட் தொடங்கும் முன் டீம் கூடிப் பேசும் ஹடிலில் தினம் மூன்று கேள்வி போதும். ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பதிலை அவர்களே நினைவிலிருந்து இழுத்து எடுப்பதில்தான் படிப்பு இருக்கிறது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை அதிகம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிங்க அண்ணாச்சி" என்பார்கள். புரிந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவே. நேரில் என்றால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கேமரா அணைந்த கறுப்புக் கட்டத்தில் என்ன தெரியும்? அதனால் "புரிஞ்சுதா" என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். "இதே மாதிரி ஒன்று நாளைக்கு வந்தால் முதலில் எதைத் திறப்பீங்க?" என்று கேளுங்கள்.

இதோடு சேர்ந்தது பயம். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்ஸன் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராயப் போனார். நல்ல டீம்களில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். வந்த கணக்கு தலைகீழாக இருந்தது: நன்றாக நடத்தப்பட்ட டீம்களில் பதிவான பிழை அதிகம். அங்கே தவறு அதிகம் நடந்ததால் வந்த கணக்கு அது இல்லை; அங்கே இருந்தவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். உங்கள் டீமில் ஒரு பெண் "நேத்து நான் தப்பா ரைட்-ஆஃப் போட்டுட்டேன்" என்று தானாக வந்து சொன்னால், அந்த நிமிடத்தில் உங்கள் முகமும் குரலும் எப்படி இருக்கின்றன என்பதை மற்ற 13 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹடிலில் முதல் ஆளாக நீங்களே உங்கள் பழைய தவறு ஒன்றைச் சொல்லுங்கள். என் சிஓ-29 கதையை நான் ஒவ்வொரு பேட்ச்சிலும் சொல்லியிருக்கிறேன்; சொன்ன பிறகு அறையில் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்கும்.

சரி, அடுத்த லீடர். முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சாட்டில் கேள்வி வந்தால் எவ்வளவு நேரத்தில் பதில் போடுகிறீர்கள்? "ஒரு நிமிஷத்துக்குள்ளே" என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். எட்டு மாத ஆட்கள் உங்களையே கேட்பதற்குக் காரணம் அதுதான். இவ்வளவு வேகமான அகராதி கையில் இருக்கும்போது யார் யோசிப்பார்கள்? புதிதாக டீம் லீடர் ஆனவர்கள் எல்லோருக்கும் வரும் வியாதி இது, எனக்கும் இருந்தது. நன்றாக வேலை செய்ததற்காக உயர்த்தினார்கள், அதனால் நன்றாகப் பதில் சொல்வதே வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

ஒரு சின்ன விதி போடுங்கள். கேள்வி பொதுச் சேனலில் வர வேண்டும், தனியாக உங்களுக்கு வரக் கூடாது. கேள்வியோடு "நான் இதைப் பார்த்தேன், இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன்" என்ற இரண்டு வரியும் வேண்டும். நீங்கள் பத்து நிமிடம் பேசக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் யார் உள்ளே வந்து பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். முதல் வாரம் யாரும் வரமாட்டார்கள். சேனல் மயான அமைதியாக இருக்கும். உங்கள் விரல் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் ஒருவர் வருவார். பெரும்பாலும் நீங்கள் நினைத்திருந்த ஆளாக இருக்கமாட்டார். அதிகக் கால் போடும் ஆள் வேறு, மற்றவர் தடுமாறும்போது பொறுமையாக எடுத்துச் சொல்லும் ஆள் வேறு. உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருப்பார், தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர். முன்னால் படித்தவன் பின்னால் வந்தவனுக்கு எழுத்தைப் பிடித்துக்கொடுப்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம்மூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார், ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார், காரியம் நடந்தது. அந்த அனுபவத்தை 1797-ல் லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. சட்டாம்பிள்ளைகள் பிரம்பையும் எடுத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பார்க்காமல் விட்டால் எங்கேயும் அதுதான் நடக்கும்.

ஆகவே படிப்படியாகக் கொடுங்கள். ஆளைக் கண்டுபிடித்ததும் முதல் மாதம் ஒரு சிறிய, முழுசான பொறுப்பு: வியாழக்கிழமை ஹடிலை அவர் நடத்தட்டும், கேள்விகளை அவரே தயாரிக்கட்டும். நீங்கள் இருந்தாலும் பேசாதீர்கள். அடுத்த மாதம் ஒரு புதியவரை அவரிடமே ஒப்படையுங்கள், டார்கெட் குறைப்போடு. மூன்றாம் மாதம் ஒரு கஷ்டமான பேச்சு: ஆடிட் மதிப்பெண் இறங்கிய சக ஊழியரிடம் அவர் பேச வேண்டும். அதற்கு முன் நீங்கள் இருவரும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள், நீங்கள் அந்தச் சக ஊழியராக நடியுங்கள். இந்தப் பேச்சை சாட்டில் நடத்தவே கூடாது. எழுத்தில் குரல் இல்லை. "இதைப் பற்றிப் பேசணும்" என்று ஒரு வரி இரவு 11 மணிக்கு வந்தால் அந்த ஆள் அன்றைக்குத் தூங்கமாட்டார். ஆபீஸ் நாளில் நேரில், முடியாவிட்டால் கேமராவோடு. பாராட்டைப் பொதுவில் எழுதலாம், எவ்வளவு வேண்டுமானாலும். நான்காம் மாதம் நீங்கள் ஒரு வாரம் உண்மையாகவே லீவு போடுங்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. போனை எடுக்காதீர்கள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு விஷயம் உடைந்திருக்கும். அந்த இரண்டும்தான் அடுத்த மாதத்துப் பாடத்திட்டம்.

இப்போது சென்னை விவகாரம். தூரத்தில் இருப்பவரின் உழைப்பு தானாகக் கண்ணில் படாது; படும்படி வைக்க வேண்டியது லீடரின் வேலை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மாதம் மூன்று வரி எழுதி வையுங்கள்: எந்தச் சிக்கலைத் தீர்த்தார், யாருக்குச் சொல்லிக் கொடுத்தார், எந்த அரைப் பக்கக் குறிப்பு எழுதினார். அப்ரைசல் நேரத்தில் மற்ற லீடர்கள் ஞாபகத்தில் இருந்து பேசும்போது நீங்கள் காகிதத்தோடு பேசலாம். அப்புறம், மாதாந்திர ரிவ்யூவில் எப்போதும் நீங்களே பேசாதீர்கள். அந்த மாதம் வேலை செய்தவர் தன் வேலையைத் தானே காட்டட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னை போக வாய்ப்பு வந்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் நீங்கள் மட்டும் ஏறாமல், ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கான்டீனில் பத்து நிமிடம் முகம் பார்த்துப் பேசிய ஆளின் பெயர், பிறகு மெயிலில் வரும்போது வேறுமாதிரி படிக்கப்படும்.

அளப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே பயிற்சியை நான்கு படியாக அளக்கச் சொன்னார்: பிடித்ததா, தெரிந்துகொண்டார்களா, வேலையில் செய்கிறார்களா, வேலையின் முடிவு மாறியதா. உங்கள் 100 சதவீதம் இதில் முதல் படியில்கூட ஏறவில்லை. வீடியோ ஓடி முடிந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. நீங்கள் மூன்றே மூன்றைக் குறித்து வையுங்கள். ஒரே பிழை அதே ஆளிடம் திரும்ப வருகிறதா? புதியவர் துணையில்லாமல் வேலை பார்க்க எத்தனை வாரம் ஆகிறது? பொதுச் சேனலில் உங்களைத் தவிர மற்றவர்கள் சொன்ன பதில்கள் எத்தனை? கடைசி எண் ஏறினால் மற்ற இரண்டும் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வரும்.

கேமராவை எல்லா மீட்டிங்கிலும் போடச் சொல்லலாமா என்று இடையில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரே அறையில் தொட்டிலும் மேசையும் இருக்கும் வீடுகள் உண்டு. ஜோடியாக உட்காரும் நேரத்திலும் தனிப்பேச்சிலும் போட்டால் போதும்.

40,000 ரூபாய் கோர்ஸ் விஷயம். அதன் பாடத்திட்டத்தில் நீங்கள் ஒட்டியிருந்த எட்டு தலைப்புகளையும் படித்தேன். கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எட்டிலும் உங்கள் டீமின் ஒரு போன் காலைக்கூட யாரும் கேட்கப்போவதில்லை. அதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குப் பதில், அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களுடைய ஜோடி நேரத்தை வேறொரு கிளையின் லீடரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் எத்தனை தடவை குறுக்கே பேசினீர்கள் என்று அவர் எண்ணட்டும். அந்த எண் என்ன என்று எனக்கு எழுதுங்கள். முதல் தடவை என்னுடையது 19.